கோட்டைக்குள் குடியிருந்தோர்: திண்டுக்கல் மலைக்கோட்டையை முன்வைத்து

கோட்டை என்றதும் மதிலும் பீரங்கியும் நம் மனக்கண்முன் எழுகின்றன. அடுத்தபடியாக, அதனுள் வீற்றிருந்த மன்னரையும் தளபதியையும் எண்ணிப் பார்க்கிறோம். அம்மன்னருக்குச் சோறு சமைத்தவர், குதிரைக்குப் புல் அறுத்துப் போட்டவர், மாரிக்கால இரவில் மதில்மீது காவல் நின்றவர் ஆகியோர் எங்கே தலைசாய்த்தனர் என்னும் வினா நம்மிடையே அரிதாகவே எழுகிறது. வரலாற்று நூல்கள் முற்றுகை நடந்த ஆண்டுகளைத் தருகின்றன; உடன்படிக்கைகளின் விதிகளைத் தருகின்றன. உறங்கிய இடங்களை அவை சொல்வதில்லை. ஆயினும் கட்டடங்களும், ஊர்ப் பெயர்களும், நாம் இன்றும் வழங்கிவரும் சில சொற்களும் இவ்வினாவுக்கு ஓரளவு விடை வைத்திருக்கின்றன. அவ்விடையைத் திண்டுக்கல் மலைக்கோட்டையில் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சமவெளியின் நடுவே ஒரு திண்டைச் சாய்த்து வைத்தாற்போல் கிடக்கும் ஒற்றைப் பாறை அது. ஊருக்குப் பெயர் தந்ததும் அப்பாறையே. மதுரை நாயக்கர்களுள் ஒருவரான முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605ஆம் ஆண்டில் அதன்மீது கோட்டை எழுப்பினார். திருமலை நாயக்கர் அதனை வலுப்படுத்தினார். 1736இல் சந்தா சாகிப் கைப்பற்றினார். 1742இல் மைசூர்ப் படை வேங்கடராயர் தலைமையில் வந்து பிடித்தது. 1755இல் ஹைதர் அலி இங்கு ஃபவ்ஜ்தாராக அனுப்பப்பட்டார். பின்னர் திப்பு சுல்தான் காலத்தில் மதில்கள் செப்பனிடப்பட்டன. 1790இல் ஆங்கிலேயர் கைக்குப் போன கோட்டை, 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் அவர்களுக்கே நிலைத்தது. அரசியல் வரலாறு இவ்வளவே. இதனைப் பலரும் எழுதிவிட்டனர்.

இனி மலைமேல் எஞ்சியிருப்பவற்றைக் காண்போம். பீரங்கிகளுக்கு ஈடுகொடுக்க எழுப்பப்பட்ட இரட்டை மதில். இரட்டைச் சுவரும் காற்று நுழைய வட்டத் துளைகளும் கொண்ட வெடிமருந்துக் கிடங்கு. மழைநீர் தங்காத வண்ணம் அதற்குச் சரிவான கூரை. ஆபத்து நேரின் உடைத்துக்கொண்டு வெளியேறும்பொருட்டு ஒரு மூலையில் மெல்லிய செங்கற்சுவர். இவை தவிர, போர்க்கைதிகளையும் அடிமைகளையும் அடைத்து வைத்ததாகச் சொல்லப்படும் 48 அறைகள், விசாலமான ஒரு சமையற்கூடம், குதிரை லாயம், தளபதிகள் கூடிப் பேசும் மண்டபம், பாறைச் சரிவைப் பயன்படுத்தி அமைத்த மழைநீர்த் தேக்கங்கள் ஆகியவை உள்ளன. உச்சியில் ஒரு பழைய சிவாலயம் நிற்கிறது. அதன் தெய்வத் திருமேனிகள் மைசூர் ஆட்சிக்காலத்தில் கீழே நகரிலுள்ள காளஹஸ்தீஸ்வரர் கோயிலுக்குக் கொண்டுவரப்பட்டன என்பது மரபு. ஆங்கிலேயர் தம் பங்குக்கு 1798இல் மூலைகள்தோறும் காவலறைகளைச் சேர்த்தனர்.

இப்பட்டியலை வாசகர் மீண்டும் ஒருமுறை நிதானமாக நோக்க வேண்டும். இதில் ஓர் அரண்மனை இல்லை. அந்தப்புரம் இல்லை. பிரபு ஒருவர் தம் குடும்பத்தோடு வாழ்ந்தார் என்று சுட்டிக்காட்டத்தக்க மாளிகை எதுவும் இல்லை. சமையற்கூடம் உண்டு, அது நூற்றுக்கணக்கானோர்க்குச் சமைப்பதற்கான அளவினது. மண்டபம் உண்டு, அது ஆலோசனைக்குரியது. மலைமேல் வாழ்ந்தோர் காவற்படையினரும் கைதிகளும் அவர்களுக்கு ஊழியம் செய்தோருமே என்று கொள்வதற்கு இதுவே முதற்சான்று.

ஐரோப்பாவும் கெய்ரோவும்

ஐரோப்பிய நாவல்களையும் திரைப்படங்களையும் கண்டு பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கலாம். இடைக்கால ஐரோப்பியக் கோட்டை அடிப்படையில் ஒரு பிரபுவின் வீடு. அதன் நடுவே பெருங்கூடம் ஒன்று இருக்கும். பகலில் அங்கே வழக்கு விசாரணையும் விருந்தும் நடக்கும். இரவானதும் ஊழியர் பலர் அதே கூடத்தின் தரையில் வைக்கோல் விரித்து உறங்குவர். பிரபுவும் குடும்பத்தாரும் கூடத்தின் ஒரு கோடியில் மேல்மாடித் தனியறைக்குச் செல்வர். சமையற்காரர் சமையற்கட்டிலும், குதிரைக்காரர் லாயத்தின் பரணிலும் படுத்தனர். ஒருவர் எங்கே உறங்கினார் என்பதைக்கொண்டே அவர் தகுதியைச் சொல்லிவிடலாம். எனினும் எல்லோரும் ஒரே மதிலுக்குள் இருந்தனர்.

முஸ்லிம் உலகின் புகழ்பெற்ற கோட்டைகளுள் ஒன்றான கெய்ரோவின் 'கல்ஆ' வேறொரு கதையைச் சொல்கிறது. சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி 1176இல் அதனைக் கட்டத் தொடங்கினார். கட்டுமானத்தை மேற்பார்வையிட்டவர் பஹாவுத்தீன் கராகூஷ் என்னும் விடுதலை பெற்ற அடிமை. ஸலாஹுத்தீன் 1182இல் சிரியாவுக்குப் புறப்பட்டவர் எகிப்துக்குத் திரும்பவே இல்லை. எனவே முற்றுப்பெற்ற கோட்டையில் அவர் வாழும் வாய்ப்பு ஏற்படவில்லை. அவருடைய சகோதரர் மகன் அல்காமிலின் காலத்திலேயே அது அரச இல்லமாயிற்று. விலைக்கு வாங்கப்பட்ட மம்லூக் அடிமைச் சிறுவர்கள் பின்னாளில் அங்கே 'திபாக்' எனப்பட்ட குடியிருப்புகளில் வைத்து வளர்க்கப்பட்டனர். முதலில் குர்ஆனும் எழுத்தும், பருவம் வந்தபின் குதிரையேற்றமும் ஆயுதப் பயிற்சியும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட முறையை வரலாற்றாசிரியர் மக்ரீஸீ விரிவாக எழுதியுள்ளார். சுல்தான் கலாவூன் தம் மம்லூக்குகளுள் ஒரு பிரிவினரைக் கோட்டையின் கோபுரங்களில் தங்கவைத்தார். கோபுரம் அரபியில் 'புர்ஜ்'. அதனால் அவர்கள் 'புர்ஜிய்யா' எனப் பெயர் பெற்றனர். 1382இல் அப்பிரிவின் வழிவந்த பர்கூக் அரியணை ஏறினார். அது முதல் 1517 வரை எகிப்தை ஆண்டவர்களை வரலாறு 'புர்ஜீ மம்லூக்குகள்' என்றே அழைக்கிறது. அடிமைகள் உறங்கிய இடத்தின் பெயர் ஓர் அரச மரபின் பெயராகிவிட்டது. உறைவிடம் பற்றிய வினா அற்பமானதன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மேலே படை, கீழே பிரபு

திண்டுக்கல்லுக்கு நெருங்கிய ஒப்புமை செஞ்சியில் கிடைக்கிறது. ராஜகிரியின் உச்சியில் அரங்கநாதர் கோயிலும் களஞ்சியமும் காவல் அமைப்புகளும் உள்ளன. அரண்மனைப் பகுதியோ மலையடிவாரத்தில் இருக்கிறது. பல அடுக்குகள் கொண்ட கல்யாண மஹால், அதற்குச் சுடுமண் குழாய்கள் வழியே வந்த நீர், உடற்பயிற்சிக் கூடம், பெருங்களஞ்சியம் யாவும் கீழேதான். கல்யாண மஹாலைச் சூழ்ந்து வளைகூரை அறைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றைக் குதிரை லாயம் என்பாரும் உண்டு, படைவீரர் இருப்பிடம் என்பாரும் உண்டு. சஆதத்துல்லாஹ் கான் பெயரால் 1717-18இல் எழுந்த பள்ளிவாசலும் கீழ்க்கோட்டையிலேயே அமைந்தது. தமிழகத்து மலைக்கோட்டையின் இயல்பு இதிலிருந்து விளங்கும். பிரபு அடிவாரத்தில் வாழ்வார். முற்றுகை வந்தால் மேலே ஏறுவார். நாள்தோறும் உச்சியில் இருந்தவர் காவல் முறையில் நிறுத்தப்பட்ட சிப்பாயே. தண்ணீரும் விறகும் அரிசியும் மனிதத் தோளில் ஏற வேண்டிய உயரத்தில் ஒரு பெருங்குடும்பம் நிலையாக வாழ்வது எளிதன்று என்பதே இதற்குக் காரணம்.

நாயக்கர் காலத்தில் திண்டுக்கல்லுக்கு உரிய மன்னர் மதுரையிலோ திருச்சியிலோ இருந்தார். திருமலை நாயக்கர் 1636இல் எழுப்பிய மதுரை அரண்மனை சொர்க்கவிலாசம், ரங்கவிலாசம் என இரு பகுதிகளாக இருந்ததும், இரண்டாவது அவருடைய தம்பிக்கு உரியதாக இருந்ததும் அறியப்பட்ட செய்திகள். வட்டாரப் பிரபுக்களான பாளையக்காரர்களும் திண்டுக்கல் கோட்டைக்குள் குடியிருக்கவில்லை. கன்னிவாடி, விருப்பாட்சி, இடையகோட்டை, ஆயக்குடி என அவரவர் பாளையங்களில் அவரவர் அரண்மனை இருந்தது. மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களுக்கும் 72 பாளையக்காரர் காவற்பொறுப்பு ஏற்றிருந்தனர் என்பது மரபுவழிச் செய்தி. ஆக, கோட்டையில் பிரபுவுக்கு இருந்தது கடமை, குடியிருப்பு அன்று. கணவரை 1772இல் காளையார்கோவிலில் இழந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியார் ஹைதர் அலியின் ஆதரவை நாடி இப்பகுதிக்கு வந்தபோதும், விருப்பாட்சிப் பாளையமே அவருக்கு உறைவிடமாயிற்று. 1780இல் அவர் சிவகங்கையை மீட்கும் வரையான எட்டு ஆண்டுகளைத் திண்டுக்கல் சீமையோடு இணைத்தே பேசுகிறோம்.

ஹைதர் அலி வந்த 1755ஆம் ஆண்டுக்குப் பின் கோட்டையின் மனிதக் கூட்டம் மாறுகிறது. புதுச்சேரி, திருச்சி, ஸ்ரீரங்கப்பட்டணம் ஆகிய இடங்களிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்து, பிரெஞ்சு வல்லுநர்களின் மேற்பார்வையில் அவர் இங்கு ஆயுதச்சாலையும் வெடிமருந்துக் கூடமும் நிறுவினார். கொல்லர், தச்சர், வார்ப்பு வேலை செய்வோர், வெடிமருந்து அரைப்போர் என்று புதிய குடிகள் வந்து சேர்ந்தனர். மைசூர் சமஸ்தானத்தில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக இருந்து அந்நாட்டு வரலாற்றை எழுதிய மார்க் வில்க்ஸ் இக்காலத்தைப் பற்றி ஒரு சுவையான செய்தியைக் கூறுகிறார். பாளையக்காரர்களுடன் நடந்த சண்டையில் காயமுற்றோருக்கு அரசு உதவித்தொகை தரவிருந்தது. உண்மையில் காயமடைந்தவர் 67 பேர். ஆனால் மஞ்சள் தோய்ந்த கட்டுகளோடு பார்வையாளர்முன் வரிசையில் கிடத்தப்பட்டவர் 700 பேராம். அதுபோலவே, ஒரே ஆட்களைச் சுற்றிச் சுற்றி நடக்கவிட்டு 10,000 பேரை 18,000 பேராகக் கணக்குக் காட்டினார் என்றும் அவர் எழுதுகிறார்.

வில்க்ஸ் ஆங்கிலேய அதிகாரி. ஹைதரைப் பற்றி நல்லது சொல்ல அவருக்கு அவசியம் இருக்கவில்லை. அவர் கூற்றை அப்படியே ஏற்க நாம் கடமைப்பட்டவர்கள் அல்லர். எனினும் இச்செய்தியில் வேறொன்றைக் கவனிக்கலாம். கட்டுப் போட்டுக்கொண்டு படுத்த அந்த 633 பேருக்கும் பெயர் இல்லை. உண்மையாகவே குருதி சிந்திய 67 பேருக்கும் பெயர் இல்லை. கோட்டையின் ஊழியர் வரலாற்றினுள் நுழைந்தது எண்ணிக்கையாக மட்டுமே, அதுவும் பொய் எண்ணிக்கையாக.

சொற்கள் தரும் சான்று

ஆட்களின் பெயர்கள் மறைந்தாலும் அவர்கள் செய்த வேலைகளின் பெயர்கள் மறையவில்லை. அரபு கற்பிக்கும் எனக்கு இதில் தனி ஈடுபாடு உண்டு, வாசகர் பொறுத்தருள்க. கோட்டையின் தலைவர் 'கில்லேதார்': கல்ஆ என்னும் அரபுச் சொல்லோடு உடையவர் என்று பொருள்படும் பாரசீக 'தார்' சேர்ந்தது. படைத்தலைவர் 'ஃபவ்ஜ்தார்'. ஃபவ்ஜ் என்னும் சொல்லைப் பன்மையில் 'அஃப்வாஜ்' என அன்நஸ்ர் அத்தியாயத்தில் நாம் அனைவரும் ஓதுகிறோம். அவருக்குக் கீழே 'ஜமேதார்' (ஜமாஅத்தை உடையவர்), 'ஹவில்தார்' (ஹவாலா, அதாவது ஒப்படைக்கப்பட்ட பொறுப்பை உடையவர்). இவர்கள் யாவரும் 'உடையவர்கள்'. அடுத்த படியில் இறங்கினால் எதையும் உடைமையாகக் கொள்ளாதவர்களின் பெயர்கள் வருகின்றன: குதிரை பார்ப்பவர் சயீஸ், விரிப்பு விரிப்பவர் ஃபர்ராஷ், பீரங்கியும் கூடாரமும் இழுப்பவர் கலாசி. இவையும் அரபு மூலம் கொண்டவையே. தோல்பையில் தண்ணீர் சுமப்பவருக்கு மட்டும் அழகிய பாரசீகப் பெயர் வாய்த்தது: 'பிஹிஷ்தி', சொர்க்கத்தைச் சேர்ந்தவர். வறண்ட பாறையின் உச்சியில் காவல் நின்றவருக்குத் தண்ணீரோடு ஏறி வந்தவர் அப்படித்தான் தோன்றியிருப்பார்.

இவர்கள் அனைவரும் மலைமேல் வாழ்ந்திருக்க இடமில்லை. 48 அறைகள் சிறைக்கூடங்களாக இருந்திருப்பின், காவலரின் குடும்பங்கள் கீழேதான் இருந்திருக்க வேண்டும். அடிவாரத்தின் ஊர்ப் பெயர்கள் இதனை உறுதிப்படுத்துகின்றன. கோட்டைக்குளம் அங்கிருக்கிறது. அருகிலேயே கோட்டை மாரியம்மன் கோயில் நிற்கிறது. அது மைசூர்ப் படைவீரர்கள் நிறுவி வழிபட்டது என்பது நகரத்தார் யாவரும் அறிந்த மரபு. அம்மை நோயை அஞ்சும் குடும்பங்கள் வாழும் இடத்தில்தான் மாரியம்மன் வழிபாடு வேரூன்றும். முஸ்லிம் தளபதிகளின்கீழ் ஊழியம் செய்த இந்துச் சிப்பாய்களின் குடியிருப்பு அடிவாரத்தில் இருந்தது என்பதற்கு இக்கோயிலே சாட்சி.

பிரபுக்களுக்கான சாட்சி பேகம்பூர். ஹைதர் அலி 1777இல் தம் உறவினர் மீர் சாகிபைத் திண்டுக்கல்லின் ஆளுநராக நியமித்தார். கோட்டையை வலுப்படுத்திய அவருடைய மனைவி அமீருன்னிஸா பேகம் பிரசவத்தின்போது காலமானார். ஊர் மரபு அவரை ஹைதரின் தங்கை என்று சொல்கிறது. அவர் அடக்கத்தலமும் பெரிய பள்ளிவாசலும் அமைந்த பகுதி அவர் பெயராலேயே பேகம்பூர் ஆயிற்று. கோட்டையின் தலைவி கோட்டையின் உச்சியில் அடங்கவில்லை. கீழே, மக்கள் வாழும் நிலத்தில் அடங்கினார். பிரசவம் பார்த்த மருத்துவச்சி, பிள்ளைக்குப் பாலூட்டவிருந்த செவிலி, நீராட்டிக் கஃபனிட்ட பெண்கள் ஆகியோர் கூப்பிடு தொலைவில் இருந்திருப்பர். அவர்கள் பெயரால் தெரு ஏதும் இல்லை.

இங்கே ஒரு கருத்தைச் சொல்லியாக வேண்டும். மைசூர் ஆட்சியின்போது வந்து தங்கிய முஸ்லிம் குடும்பங்களின் சந்ததியார் இம்மாவட்டத்தில் உளர். தம் முன்னோரை நவாபு வழியினர், தளபதி வழியினர் என்று சொல்லிக்கொள்ளும் விருப்பம் நம்மிடையே மிகுதி. ஒரு கோட்டைக்குக் கில்லேதார் ஒருவர், ஜமேதார்கள் சிலர், சிப்பாயும் சயீஸும் கலாசியும் பிஹிஷ்தியும் பல நூற்றுவர். கணக்கு இவ்வாறிருக்க, வந்தவர் அனைவரும் தளபதியின் வாரிசுகளாக இருத்தல் எங்ஙனம்? நம் மூதாதையருள் பெரும்பாலோர் ஊழியர் வரிசையில் நின்றவர்களே என்று நான் கருதுகிறேன். கெய்ரோவின் கோபுர அடிமைகளைப் பெருமையோடு பாடம் நடத்தும் நாம், திண்டுக்கல்லின் குதிரைக்காரரைத் தாத்தா என்று சொல்ல ஏன் கூசவேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

இந்தப் பெயரற்றவர்களே ஒருமுறை கோட்டையின் விதியை முடிவு செய்தனர். 1790 ஆகஸ்டில் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் படை முற்றுகையிட்டபோது கில்லேதாராக இருந்தவர் ஹைதர் அப்பாஸ். சுமார் 800 பேர் கொண்ட காவற்படையும் 14 பீரங்கிகளும் அவரிடம் இருந்தன. சரணடையச் சொல்லி வந்த தூதருக்கு, இத்தகைய கோட்டையை விட்டுக்கொடுத்துவிட்டுத் தம் எசமானருக்கு விடைசொல்ல இயலாது என்றும், இன்னொரு தூதர் இதே செய்தியோடு வந்தால் பீரங்கி வாயில் வைத்துச் சுடப்படுவார் என்றும் அவர் பதிலனுப்பினார். ஆங்கிலேயரின் குண்டுகள் தீரும் நிலையில் இருந்தன. மதிலில் விழுந்த பிளவு ஏறுவதற்குப் போதவில்லை. இரவுத் தாக்குதலும் முறியடிக்கப்பட்டது. கோட்டை வென்றுவிட்டது என்றே சொல்லலாம். ஆயினும் விடிந்ததும் மேலே வெள்ளைக் கொடி தெரிந்தது. காவற்படையினரில் பெரும்பாலோர் இரவோடு இரவாக இறங்கிச் சென்றுவிட்டனர் என ஆங்கிலக் குறிப்புகள் கூறுகின்றன. அவர்கள் இறங்கிப் போவதற்குக் கீழே வீடுகள் இருந்தன என்பதை நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

பதினாறு ஆண்டுகளுக்குப் பின் வேலூரில் இதற்கு நேர்மாறான நிலை ஏற்பட்டது. 1799இல் திப்பு சுல்தான் ஷஹீதானபின் அவர் குடும்பத்தார் வேலூர்க் கோட்டைக்குள் மஹால்களில் வைக்கப்பட்டனர். அவர்களைப் பின்தொடர்ந்து வந்த பழைய ஊழியரும் மைசூராரும் சுமார் 3,000 பேர் வெளியே பேட்டையில் குடியேறினர். இளவரசர் உள்ளே, ஊழியர் வெளியே. கம்பெனிச் சிப்பாய்களும் வழக்கமாகக் கோட்டைக்கு வெளியே குடிசைகளில் குடும்பத்தோடு வசித்தனர். 1806 ஜூலை 10 அதிகாலையில் அணிவகுப்பு இருந்தமையால், 9ஆம் தேதி இரவு மட்டும் அவர்களுட் பெரும்பாலோர் உள்ளே உறங்க நேர்ந்தது. அன்று திப்புவின் மகள் ஒருவருக்குத் திருமணம். விடியுமுன் புரட்சி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி வந்து அதை அடக்கியபின், திப்புவின் புதல்வர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுடைய ஊழியர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை ஆய்வு மாணவர் எவரேனும் எடுத்துக்கொள்ளலாம். சென்னை ஆவணக் காப்பகத்தில் அதற்குரிய கோப்புகள் உறங்குகின்றன.

திண்டுக்கல்லில் ஆங்கிலக் காவற்படை ஏறத்தாழ 1860 வரை இருந்தது. அதன்பின் பாறைமேல் எவரும் குடியிருக்கவில்லை. இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டைக்குப் பகலில் பார்வையாளர் வருகின்றனர். மாலையில் வாயில் அடைக்கப்படுகிறது. கீழே பேகம்பூரிலும் கோட்டைக்குளத்தைச் சுற்றியும் குடியிருப்பு தொடர்கிறது.